‘போய் வருகிறேன்’ என்று சொன்னாயா?



வீட்டை விட்டுப் புறப்படுகிறவன் ‘போகிறேன்’ என்று சொல்லலாகாது என்பது நம் முன்னோர் வகுத்த முறை. சந்தைக்குச் செல்பவனும் ‘போய் வருகிறேன்’ என்றே சொல்லுவான். மலாயாவிற்குக் கப்பலேறியவனும் அவ்வாறே சொன்னான். வாய் தவறிப் ‘போகிறேன்’ என்றுவிட்டால், திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டி உடனே திருத்துவாள். பிரிவு உறவின் முடிவாகாது என்னும் பெரிய உண்மை இச்சிறு சொல்லில் அடங்கியிருக்கிறது. இத்திங்கள் அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். அதற்குக் காரணம், ஆலங்குடிப் பக்கத்தில் ஒரு வீட்டில் நான் கண்டதும் கேட்டதுமாகும்.

உயிர்ப்புப் பெருவிழாவிற்குப் பின் வீடு மந்திரிக்கும் நாட்களில் அவ்வீட்டிற்குச் சென்றிருந்தேன். பெயர்கள் வேண்டா, பலர் வீட்டுக் கதையும் இதுவேயாகலாம். தந்தை உழவர். தென்னையும் பலாவும் நிற்கும் சிறு தோப்பு ஒன்றே குடும்பத்தின் சொத்து. அத்தோப்பின்மேல் வாங்கிய கடனையும், தாயின் கழுத்துச் சங்கிலியை விற்ற பணத்தையும் கொண்டு, மூத்த மகனைப் பெல்ஜியம் நாட்டு லூவேன் நகருக்கு மேற்படிப்புக்கு அனுப்பியிருந்தார்கள். ஈராண்டு படித்துப் பட்டம் பெற்றான். படிப்பு முடித்தவர்கள் வேலை தேடிக்கொள்ள அந்நாட்டரசு தரும் ஓராண்டையும் அங்கேயே கழித்தான். வேலை அமையவில்லை. ஊர் திரும்பி இரண்டு திங்கள் ஆகியிருந்தன.

தீர்த்தம் தெளித்துச் செபம் முடிந்தது. இளைஞன் வணங்கிவிட்டு உள்ளறைக்குச் சென்றுவிட்டான். தாய் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“சுவாமி, என் மகனுடைய உடம்பு இங்கே இருக்கிறது, மனம் அந்த ஊரில்தான் இருக்கிறது. மூன்று வருடம் கழித்து என் கையால் சமைத்துப் போடுகிறேன். அதைச் சாப்பிட்டுக்கொண்டே அந்த ஊரின் படங்களைப் பார்த்துக் கண் கலங்குகிறான். நாங்கள் அவனுக்கு வேற்று மனிதர்களாகிவிட்டோமா?”

தந்தை வெடித்துவிட்டார்: “வேலை கிடைக்கவில்லை என்று அழுதால் எனக்குப் புரியும். கல்லையும் மண்ணையும் நினைத்து ஓர் ஆண்பிள்ளை அழுவானா, சுவாமி?”

தாய்க்கு அச்சம், தந்தைக்குச் சினம். இரண்டிற்கும் வேர் ஒன்றுதான். நாம் பெற்று வளர்த்த பிள்ளையின் நெஞ்சில் நாம் அறியாத ஓர் ஊர் இடம் பிடித்துக்கொண்டதே என்னும் ஏக்கம் அது. இன்று நம் பங்குகளிலிருந்து பிள்ளைகள் அயல்நாடுகளுக்குப் படிக்கச் செல்லுகிறார்கள். வழியனுப்பும்போது நாம் அழுகிறோம். அவர்கள் திரும்பி வரும்போது, அங்கேயும் ஒரு பிரிவு நிகழ்ந்திருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்தத் தந்தையிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். “2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜாப் புயல் வீசிய மறுநாள் காலை, தோப்பிற்குச் சென்றீர்களே, அப்போது என்ன செய்தீர்கள்?”

அவர் பேசவில்லை. அம்மையார்தான் விடை சொன்னார்: “அப்பா நட்ட பலாமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது, சுவாமி. அதைக் கட்டிக்கொண்டு அழுதார்.”

மரம் என்பது வெறும் விறகானால் அதற்காக எவரும் அழமாட்டார். அது நிழல் தந்தது, பழம் தந்தது, பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தைத் தந்தது. நம்மை வளர்த்த ஒன்றிற்காகவே நாம் அழுகிறோம். ஓர் ஊரும் அவ்வாறே. தனியாக வந்த ஒரு பிள்ளைக்கு அறிவு தந்து, தோழமை தந்து, தன் காலில் நிற்கக் கற்றுக்கொடுத்த ஊர் அவனுக்குக் கல்லும் மண்ணும் மட்டுமாக இருக்க இயலாது.

புனிதர்களும் இவ்வாறு அழுதிருக்கிறார்கள். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த இரு நண்பர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பசிலியார், மற்றவர் நசியான்சு நகரத்துக் கிரகோரியார். திருச்சபை இவ்விருவர்க்கும் சனவரி 2ஆம் நாள் ஒன்றாகவே விழா எடுக்கிறது. இன்றைய துருக்கி நாட்டிலுள்ள கப்பதோக்கியா இவர்களின் தாயகம். உயர்கல்விக்காக இருவரும் ஏதென்சு நகருக்குச் சென்றார்கள். கிரகோரியார் ஏறிய கப்பல் புயலில் சிக்கிப் பல நாள் தத்தளித்தது. அவர் அப்போது ஞானஸ்நானம் பெற்றிருக்கவில்லை. உயிர் பிழைத்தால் வாழ்வை இறைவனுக்கே அளிப்பதாக நேர்ந்துகொண்டு கரை சேர்ந்தார்.

அந்நகரில் புதிதாக வரும் மாணவனைப் பழைய மாணவர் சூழ்ந்துகொண்டு கேலி செய்து, ஊர்வலமாகக் குளியல் மண்டபத்திற்கு இழுத்துச் செல்லும் வழக்கம் இருந்தது. தமக்குப் பின் வந்த பசிலியாரை இத்தொல்லையிலிருந்து கிரகோரியார் காத்தார். அவர்கள் நட்பு அங்கே உறுதிப்பட்டது. கேளிக்கைக்கு அழைக்கும் தெருக்கள் பல இருந்தும், கோவிலுக்குச் செல்லும் வழியையும் ஆசிரியரிடம் செல்லும் வழியையும் தவிர வேறொன்றைத் தாங்கள் நாடவில்லை என்று கிரகோரியார் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார்.

ஏறத்தாழ 355ஆம் ஆண்டில் பசிலியார் ஊர் திரும்ப வேண்டிய நாள் வந்தது. தோழர்களும் ஆசிரியர்களும் கூடச் சூழ்ந்துகொண்டு, போக வேண்டா என்று மன்றாடினார்கள். பசிலியார் தாம் செல்ல வேண்டிய காரணத்தை எடுத்துச் சொல்லி விடைபெற்றார். கிரகோரியாரால் அது முடியவில்லை. நண்பர்களின் கண்ணீருக்கு இணங்கிச் சில காலம் தங்கிப் பிறகே புறப்பட்டார். பசிலியார் 379இல் இறந்தபின் அவரைப் போற்றி ஆற்றிய உரையில், இப்பிரிவின் துயரைக் கிரகோரியார் விரிவாகப் பேசுகிறார். இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் அந்நினைவு ஆறவில்லை! ஏதென்சை நினைத்து வருந்தியதால் அவர் தம் பெற்றோரை மறந்துவிட்டாரா? இல்லை. முதுமையடைந்த தந்தைக்குத் துணையாக நசியான்சில் நின்று பணியாற்றியவரும் அவரே.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை விட்டுவந்த ஊருக்காகக் கண் கலங்கினால் அஞ்சாதீர்கள். அன்பு ஒரு பானைச் சோறு போன்றதன்று. ஒருவருக்கு இட்டால் மற்றவருக்குக் குறைந்துபோகும் என்று எண்ண வேண்டா.

ஆயினும், திரும்பி வரும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல் உண்டு. பிரிவின் ஏக்கம் வேறு, தாயகத்தின்மேல் கொள்ளும் இளக்காரம் வேறு. “அங்கே தெரு எவ்வளவு தூய்மை, இங்கே பாருங்கள்” என்று நாள்தோறும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது, விட்டுவந்த ஊருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பசிலியாருக்கே இந்தச் சோதனை வந்தது. கல்விச் செருக்கோடு வீடு திரும்பிய அவரை, அக்காள் மக்ரினா கண்டித்து நல்வழிப்படுத்தினார் என்று அவர்களுடைய தம்பியே எழுதி வைத்திருக்கிறார். ஏதென்சின் ஆசிரியர்கள் கற்பிக்காத பாடத்தை அவர் தம் வீட்டுக் கூடத்தில் கற்றார்.

பிரிந்து வந்த நகரிலிருந்து எதைக் கொண்டுவர வேண்டும்? இதற்கு விடை வேறொரு கிரகோரியாரின் வாழ்வில் இருக்கிறது. அவர் நூறாண்டு முந்தியவர். புதுமை வல்ல கிரகோரியார் என்று பெயர் பெற்றவர். போந்து நாட்டு நெயோசெசாரேயா நகரத்தவர். பெய்ருட்டில் சட்டம் பயிலப் புறப்பட்ட இவர், தம் சகோதரியாருக்குத் துணையாகப் பாலஸ்தீனத்துச் செசாரேயாவிற்குச் சென்றார். அங்கே ஓரிஜன் என்னும் பேராசிரியரைக் கண்டார். சட்டக் கல்வி நின்றது. ஆண்டுகள் பல அந்நகரிலேயே கழிந்தன. ஏறத்தாழ 238ஆம் ஆண்டில் ஊர் திரும்பும் வேளையில், ஆசிரியர் முன் நின்று ஒரு நன்றியுரை ஆற்றினார். அந்த உரை இன்றும் நமக்குக் கிடைக்கிறது. சிங்காரவனத்தை விட்டு வெளியேறிய ஆதாமைப்போலவும், தந்தையின் வீட்டை விட்டகன்ற ஊதாரி மைந்தனைப்போலவும் தாம் செல்வதாக அதில் சொல்லுகிறார். பிறந்த ஊருக்குத் திரும்புவதே அவருக்குப் பரதேசம் போவதுபோல் தோன்றியது!

அவருக்கு ஓரிஜன் எழுதிய கடிதம் ஒன்றும் உண்டு. இஸ்ராயேல் மக்கள் எகிப்தை விட்டுப் புறப்பட்டபோது அங்கிருந்து பொன்னும் வெள்ளியும் கொண்டுவந்ததை யாத்திராகமத்தில் படிக்கிறோம். அந்தப் பொன்னே பின்னர் ஆண்டவரின் கூடாரத்திற்குரிய பொருள்களாயிற்று. வேற்றாரிடம் கற்ற கல்வியையும் அவ்வாறே இறைவனுக்குரிய பணியில் பயன்படுத்த வேண்டும் என்று ஓரிஜன் அறிவுரை கூறினார். அப்பொன்னிலிருந்தே கன்றுக்குட்டிச் சிலையையும் வார்த்தார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. பொன் ஒன்றுதான், கை வேறு.

கிரகோரியார் ஊர் திரும்பி ஆயரானார். அவர் பொறுப்பேற்றபோது அந்நகரில் கிறிஸ்தவர் பதினேழு பேரே இருந்தனர் என்றும், அவர் இறந்தபோது கிறிஸ்தவர் அல்லாதார் பதினேழு பேரே இருந்தனர் என்றும் மரபு கூறும். அவருடைய போதனையைப் போற்றிக் காத்து வந்தவர்களுள் ஒருவர் பசிலியாரின் பாட்டி. பேரப்பிள்ளைகளுக்கு அதை ஊட்டியவரும் அவரே. கண்ணீரோடு ஊர் திரும்பிய ஒரு மாணவரின் கல்வி, ஒரு பாட்டியின் வாய்வழியாக மற்றொரு புனிதரை உருவாக்கியது.

நம்மவருள் ஒருவரையும் சொல்லுகிறேன். தனிநாயகம் அடிகளார் 1913இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தவர். 1934 முதல் 1939 வரை உரோமை நகரில், உர்பன் கல்லூரியில் பயின்றார். புனித இராயப்பர் பேராலயத்தை அடுத்துள்ள சனிக்குலம் குன்றின்மேல், பல நாட்டு மாணவர் கூடிப் படிக்கும் இடம் அது. 1938இல் அங்கேயே குருப்பட்டம் பெற்றார். உரோமையில் இருந்த தமிழ் மாணவரைச் சேர்த்து வீரமாமுனிவர் கழகம் என்ற ஒன்றையும் அமைத்தார். தமிழ் கற்ற இத்தாலியர் ஒருவரின் பெயரைத் தமிழர் இத்தாலியில் போற்றினார்கள். நன்றியறிதலுக்கு இதைவிட அழகிய அடையாளம் வேண்டுமா?

உரோமையிடம் விடைபெற்ற அடிகளார் தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்த வடக்கன்குளத்திற்கு வந்தார். பேராலயக் கோபுரங்களைப் பார்த்திருந்த கண்கள் பனைமரக் காட்டைப் பார்த்தன. அவர் அதைத் தாழ்வாக எண்ணவில்லை. பள்ளியில் பணியாற்றிக்கொண்டே பண்டிதர் ஒருவரிடம் தமிழ் பயின்றார். இறையியலில் முனைவரான அவர், முப்பது வயது கடந்தபின், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவராக அமர்ந்து தமிழ் படித்தார். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டிற்கு அவர் உழைப்பே பெருங்காரணம். அதே ஆண்டு, 1679இல் அச்சான பிரொயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை, வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியைக் கொண்டு மீண்டும் வெளியிட்டார். உரோமையின் பொன், தமிழின் அணிகலனாயிற்று. விட்டுவந்த நகருக்கு அவர் செலுத்திய நன்றி இதுவே.

இனி ஆலங்குடி இளைஞனிடம் திரும்புவோம். அன்று மாலை அவனோடு தோப்பு வரை நடந்தேன். சிறிது தொலைவு சென்றதும் அவனாகவே பேசத் தொடங்கினான்.

லூவேனில் வயது முதிர்ந்த கைம்பெண் ஒருவர் வீட்டின் மாடியறையில் அவன் வாடகைக்கு இருந்தான். முதற்குளிர் காலத்தில் காய்ச்சலாய்ப் படுத்தபோது, மூன்று நாள் சூப்பு வைத்து மாடிக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். ஞாயிறுதோறும் தம்மோடு திருப்பலிக்கு அழைத்துச் சென்றார். அவன் இரவு நேரம் கழித்து வந்தால் வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருப்பார். வேலை கிடைக்காமல், தங்குவதற்குரிய காலமும் முடிந்தபோது, அவனுக்கு வெட்கம் பொறுக்க முடியவில்லை. தோற்றவனாக அவர் முன் நின்று விடைபெற மனம் வரவில்லை.

“வாடகை பாக்கி இல்லை, சுவாமி. விடிவதற்கு முன் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சாவியை உறையில் இட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றும் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.”

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அவன் அழுதது ஊரைப் பிரிந்ததற்காக மட்டும் அன்று. சொல்லாமல் பிரிந்ததற்காகவும் அழுதான். விடைபெறாத பிரிவு ஆறாத புண்.

“தம்பி, ‘போய் வருகிறேன்’ என்று சொன்னாயா?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான்.

புனித சின்னப்பர் விடைபெற்ற முறையை அப்போஸ்தலர் பணி 20ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். எபேசு நகரில் மூன்றாண்டு உழைத்தவர், மிலேத்துவில் அந்நகர மூப்பர்களை வரவழைத்தார். தாம் செய்த பணியை நினைவூட்டினார், ஒருவர் பொன்னுக்கும் தாம் ஆசைப்படவில்லை என்று கணக்கு ஒப்புவித்தார், அவர்களை இறைவனிடம் ஒப்படைத்தார், முழந்தாளிட்டுச் செபித்தார். அனைவரும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அடுத்த அதிகாரத்தில் தீர் நகரத்து விசுவாசிகள் மனைவி மக்களோடு ஊர்ப்புறம் வரை வந்து, கடற்கரையில் முழந்தாளிட்டு அவரை வழியனுப்பினார்கள். அவர் அங்கே தங்கியது ஏழு நாளே!

வெளிநாட்டில் பயிலும் பிள்ளைகளே, ஊர் திரும்பும்போது இந்த முறையைப் பின்பற்றுங்கள். வாங்கிய கடனைத் தீருங்கள். வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள். கற்பித்தவரையும் சோறிட்டவரையும் நேரில் கண்டு நன்றி சொல்லுங்கள். மனம் நோகச் செய்திருந்தால் மன்னிப்புக் கேளுங்கள். பயன்படும் பொருள்களைப் புதிதாக வந்திருக்கும் ஏழை மாணவனுக்குக் கொடுங்கள். நீங்கள் வழக்கமாகச் செபித்த கோவிலில் கடைசியாக ஒருமுறை அமர்ந்து, அவ்வூரை ஆண்டவரிடம் ஒப்படையுங்கள். வெற்றி பெற்றவனுக்கு மட்டுமே விடைபெறும் உரிமை உண்டு என்று எண்ணாதீர்கள். குணம் பெற்ற தொழுநோயாளர் பத்துப் பேருள் நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவனே. அவனும் வேற்று நாட்டான்.

அவனுக்கு நான் நினைவூட்டிய பெயர் அவன் நாள்தோறும் கண்ட பெயரே. மொலோக்காய்த் தீவின் தொழுநோயாளருக்காக உயிர் கொடுத்த தமியான் அடிகளார், லூவேனில் துறவு மடத்தில் பயின்றவர். நோயுற்ற தம் அண்ணனுக்குப் பதிலாக 1863இல் புறப்பட்டார். மாதா திருத்தலம் ஒன்றில் தாயிடம் விடைபெற்றார். பிறகு தாயையும் காணவில்லை, லூவேனையும் காணவில்லை. 1889இல் தீவிலேயே தொழுநோயால் இறந்தார். 1936இல் அவர் உடல் பெல்ஜியத்திற்குக் கொண்டுவரப்பட்டு லூவேனில் அடக்கம் செய்யப்பட்டது. 1995இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டபின், அவருடைய வலக்கை மட்டும் மொலோக்காய்க்குத் திரும்பிச் சென்றது. 2009இல் புனிதரானார். படித்த நகர் அவர் உடலை வைத்திருக்கிறது. உழைத்த தீவு அவர் கையை வைத்திருக்கிறது. உண்மையாக அன்பு செய்த ஊரை எவரும் முற்றிலும் விட்டுப் பிரிவதில்லை.

“இப்போது சொன்னால் ஏற்றுக்கொள்வாரா, சுவாமி?” என்று கேட்டான். “விளக்கை அணைக்காதவர் கதவை அடைப்பாரா?” என்றேன்.

அன்றிரவே அவன் கடிதம் எழுத அமர்ந்தான். பெற்றோரும் பக்கத்தில் அமர்ந்தார்கள். நடந்ததையெல்லாம் அப்போதுதான் அவர்களிடம் சொன்னான். தாய் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தாமும் ஒரு செய்தி சொல்ல விரும்புவதாகக் கூறினார். அவன் அதை மொழிபெயர்த்து எழுதினான்: “என் மகன் காய்ச்சலாய்க் கிடந்தது எனக்கு இன்றுதான் தெரியும். என் கை எட்டாத இடத்தில் உங்கள் கை இருந்தது. உங்களுக்காகத் தினமும் செபமாலை சொல்லுவேன்.” தந்தை தொண்டையைச் செருமிக்கொண்டு, “புயலுக்குப் பின் வைத்த பலா காய்க்கத் தொடங்கிவிட்டது, பழக்காலத்தில் நம் வீட்டிற்கு வரச் சொல்லு” என்றார்.

இதை மறுவாரம் கோவிலில் என்னிடம் சொன்னவர் அந்தத் தாய்தான். கடிதத்தின் இறுதியில் என்ன எழுதுவது என்று மகன் கேட்டானாம். “‘போய் வருகிறேன்’ என்று எழுது” என்றாராம் அவர்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை விட்டுவந்த ஊரைப் பற்றி அவனிடம் ஒருமுறை கேளுங்கள். யார் சோறிட்டார், யார் கற்பித்தார், எந்தக் கோவிலில் செபித்தாய் என்று கேளுங்கள். குடும்பச் செபத்தில் அவ்வூருக்காகவும் ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள். நம் பிள்ளைகளின் போக்கையும் வரவையும் ஆண்டவர் காப்பாராக.